அட்டையில் நான் எழுதிய ‘இல்லை’

குறிஞ்சாக்கேணி
09.02.2025

இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமல் தொடங்கினால் அதையும் ஒரு குற்றமாக எடுத்துக்கொள்வீர்கள். சொல்லிவிட்டேன். இனி என் கோபம்.

நீங்கள் போய் ஐந்து நாள். போனை அணைத்து வைத்திருக்கிறீர்கள். தபாற்காரரை அணைக்க ஏலாதுதானே, அதனால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போகும் வசதியும் மாப்பிள்ளைக்குத்தான். நான் எங்கே போவது? இருக்கிற வீடே என் வீடு.

பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது என்று நீங்கள் சொன்னதால்தான் திங்கட்கிழமை உங்களை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆறு வருடமாக நான் தாதியாக வேலை செய்யும் பல் வைத்தியசாலை. வருகிற ஒவ்வொருவரிடமும் ‘என்ன மருந்து, என்ன குளிசை எடுக்கிறீர்கள்’ என்று கேட்டு அட்டை நிரப்புவதுதான் என் முதல் வேலை. டவுனுக்குள் திரியும் மான்களில் இரண்டு வழக்கம்போல வாசலில் படுத்திருந்தன. யன்னலுக்கு வெளியே துறைமுகம் பால் மாதிரி வெளுத்து அசையாமல் கிடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மனுஷனை என் வேலைத்தளத்துக்குக் கூட்டி வந்திருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட.

கமலேஸ்வரி டொக்டர் உங்கள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். “தம்பி, குளிசை ஏதும் எடுக்கிறீங்களோ?” என்று கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நான் அட்டையில் ‘இல்லை’ என்று எழுதினேன். கீழே ‘விபரம் தந்தவர்’ என்ற இடத்தில் ‘மனைவி’ என்றும் எழுதினேன். டொக்டர் என் கையைப் பார்த்து, “பொறும் பிள்ளை, எழுதாதையும்” என்றார். அதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

நீங்கள் வெளியே போன பிறகு சொன்னார். பல்லைச் சுற்றியிருக்கும் முரசு தானாக வளர்ந்து பாதிப் பல்லை மூடாதாம். பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் எடுப்பது, இல்லாவிட்டால் வலிப்புக்கு எடுப்பது. இவை உள்ளே போனால் சிலருக்கு முரசு அப்படி வளருமாம். “அவரோட வாய் ஏதோ சொல்லுது, அவர் சொல்லேல்லை” என்றார்.

அன்று அஸர் தொழுத பிறகு உங்கள் சாமான்களைப் பார்த்தேன். படகு இஞ்சின் பிளக் போடும் தகரப் பேணிக்குள் அந்தக் குளிசை இருந்தது. வலிப்புக் குளிசை. உங்கள் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் தேத்தண்ணியை மட்டும் குடித்தீர்கள். விடிந்ததும் பையோடு போய்விட்டீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் கையாலேயே அந்தப் பொய்யை எழுத விட்டீர்களே, அந்த நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

சனூஸா


மூதூர்
16.02.2025

சனூ,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் நான்கு நாள் கழித்து வந்தது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலம் வராத தூரம். போனில் கதைக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் உன்னைச் சமாதானப்படுத்த ஏதாவது பொய் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். எழுதும்போது கை மெதுவாகப் போகிறது, பொய் அவ்வளவு மெதுவாக வராது.

நீ கேட்டதற்குப் பதில்: அந்த நேரம் நான் உன் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நம்பிக்கையோடு எழுதுகிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உண்மையை விழுங்கினேன்.

எனக்குப் பதினேழு வயதில் தொடங்கியது. முதலில் விளாம்பழ வாசனை வரும். பக்கத்தில் விளாமரமே இருக்காது. பிறகு சத்தமெல்லாம் தூரப் போய்விடும், தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கரையில் ஆட்கள் கதைப்பதைக் கேட்கிற மாதிரி. இந்த இடம், இந்த வெயில், இந்த மனிதர் எல்லாம் முன்பு ஒரு நாள் நடந்ததுதான் என்று தோன்றும். எதிரில் நிற்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்றுகூடத் தெரிந்த மாதிரி இருக்கும். பயமாக இருக்காது. அதுதான் கள்ளத்தனம், சனூ. அவ்வளவு அழகாக இருக்கும். அந்த அழகு முடிகிற இடத்தில் நான் இருக்க மாட்டேன். முழிக்கும்போது யாராவது என் தலையை மடியில் வைத்திருப்பார்கள், நாக்கில் இரத்தம் இருக்கும்.

குளிசை எடுக்கத் தொடங்கியதும் அது மெல்ல மெல்லக் குறைந்தது. எனக்கு முதலில் பேசிய ஒரு கல்யாணம் இதைச் சொன்னதும் நின்றுபோனது. அதனால் உன் வீட்டில் பேசும்போது, சொல்ல வேண்டாம் என்று உம்மா சத்தியம் வாங்கினா. கடல் தொழிலிலும் சொல்ல ஏலாது. வலிப்பு உள்ளவன் கையில் யார் படகைக் கொடுப்பான்? கூட்டாளி பஹ்மி என்னை நம்பித்தான் அந்தப் படகையே வாங்கினான். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை நான்தான் கூட்டிப் போகிறேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. பஹ்மிக்கு மட்டும் சொல்லிவிடாதே.

இஹ்ஸான்


குறிஞ்சாக்கேணி
24.02.2025

இஹ்ஸானுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்தியசாலையில் வைத்து வாசித்தேன், பகலில் ஆட்கள் இல்லாத நேரத்தில். வாசித்து முடிக்கும்போது ஒரு மான் யன்னலில் மூக்கை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுததை அதுதான் கண்டது, வேறு யாரும் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பீர்கள். அடக்கமான மனுஷன் என்று நான் என் கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஊராரின் வாயெல்லாம் பார்க்கிறவள், வீட்டில் இருக்கிற வாயைப் பார்க்கவில்லை. என் மேலும் எனக்குக் கோபம்தான்.

எங்களிடம் வருகிறவர்கள் சொல்லும் பொய்யைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார். குளிசை ஒன்றும் இல்லை என்றார். பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்கவேயில்லை. பஞ்சு மாற்றி மாற்றி என் கை ஓய்ந்துபோனது. பிறகு பார்த்தால் இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஐந்து வருடமாகக் குளிசை எடுக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “அது நெஞ்சுக்குத்தானே புள்ள, பல்லுக்கில்லையே” என்கிறார். குளிசை எல்லாம் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்த கிளினிக் கொப்பியை வீட்டு அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாராம். இன்னொருவன், உங்களை விட வயது குறைந்தவன், ஐஸ் போதைப்பொருள் பாவித்துவிட்டு வந்து கதிரையில் ஏறினான். பல்லெல்லாம் கரைந்து கறுத்திருந்தது. டொக்டர் ஊசியைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். அந்தப் போதையோடு விறைப்பு ஊசியும் சேர்ந்தால் இதயம் தறிகெட்டு ஓடுமாம். “ஏசமாட்டன், பொலிசுக்கும் சொல்லமாட்டன், கடைசியா எப்ப எடுத்தனீர் எண்டு மட்டும் சொல்லும்” என்றார். அவன் அழுதுவிட்டான். அன்றைக்கு வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து, இன்னொரு நாள் கூப்பிட்டுத்தான் பல்லைப் பிடுங்கினோம்.

அவனே உண்மையைச் சொன்னான். நீங்கள் சொல்லவில்லை.

முரசை வெட்டிச் சரிப்படுத்தலாம் என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் இதே குளிசையில் இருந்தால் திரும்பவும் வளருமாம். நரம்புக் கிளினிக்கில் காட்டி வேறு குளிசைக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, குறைக்கவும் கூடாது. வருகிற வாரம் நோன்பு தொடங்குகிறது, அதற்கும் எந்த நேரம் எடுப்பது என்று அங்கேயே கேளுங்கள்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நான் குறிஞ்சாக்கேணிக்காரி. அந்தக் கார்த்திகைக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன படகு எங்கள் கண்ணுக்கு முன்னால் கவிழ்ந்ததை நான் உங்களுக்கு ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன், அதற்குமேல் சொல்ல என்னால் ஏலாது. பெருநாள் முடிய உங்கள் படகு ஓடத் தொடங்கும். அல்லாஹ்வுக்காக உண்மையைச் சொல்லுங்கள். கடலில் உங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லையா?

சனூஸா


மூதூர்
06.03.2025

சனூ,

நோன்பு ஐந்து. விடியுமுன் ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று. கிளினிக்கில் கேட்டுத்தான் எடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மூன்று வருடம் என்று நான் எழுதியது பொய். எழுத்தில் பொய் வராது என்று பெரிதாகச் சொன்னேனே, வந்துவிட்டது.

போன ஆவணி. நமக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். படகில் எட்டுப் பேர், அதில் ஒரு சின்னப் பிள்ளை, மஞ்சள் தொப்பி போட்டிருந்தது. கடல் அன்று கண்ணாடி. தூரத்தில் ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டது, வெள்ளையாக ஒரு மரம் முளைத்து உடனே உதிர்ந்த மாதிரி. எல்லாரும் எழும்பி நின்றார்கள். அப்போது விளாம்பழ வாசனை வந்தது.

எனக்குத் தெரிந்தது. இஞ்சினை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கை எனக்குச் சொந்தமில்லாமல் எங்கோ இருந்தது. அந்தப் பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று நினைத்தேன், அது திரும்பிச் சிரித்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்தத் தரம் விழவில்லை. இருந்தபடியே இல்லாமல் போயிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இஞ்சின் பிடியை ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன் போல. திரும்பி வந்தபோது படகு ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் அந்தத் திமிங்கிலம், பெரிய கறுத்த முதுகு. படகில் இருந்த எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்காகத்தான் அதைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இறங்கும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு ஓட்டியைக் கண்டதில்லை என்றார். பஹ்மி அந்த வீடியோவை முகப்புத்தகத்தில் போட்டான். நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு எனக்கு வட்டிலப்பம் அவித்துத் தந்தாய். நான் சாப்பிட்டேன், சனூ. அதைத்தான் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

ஏன் வந்தது என்று கேட்பாய். அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னமே முரசு வளரத் தொடங்கிவிட்டது. இந்தக் குளிசையால்தான் என்று எனக்குத் தெரியும், கிளினிக்கில் ஒரு தரம் சொல்லியிருந்தார்கள். எனக்கு வாய்த்ததோ பல் வைத்தியசாலையில் வேலை செய்கிற பெண். என்றைக்கு உதட்டைத் தூக்குவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன். குளிசையைப் பாதியாக உடைத்து எடுத்தால் முரசு வற்றிவிடும் என்று நானே முடிவுசெய்தேன். ஆறு கிழமை பாதிதான் எடுத்தேன். முரசு வற்றவில்லை. வலிப்புத்தான் வந்துவிட்டது.

உனக்கு முன்னால் ஒருநாள் வாயைப் பொத்தாமல் சிரிக்க வேண்டும் என்ற ஆசைக்காக, எட்டுப் பேரின் உயிரை வைத்துச் சுற்றியிருக்கிறேன். அன்றைக்கே முழுக் குளிசைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அடுத்த நாளும் படகு எடுத்தேன். அதற்கடுத்த நாளும்.

அந்த மஞ்சள் தொப்பி கனவில் வருகிறது. ஒன்றும் செய்வதில்லை, திரும்பிச் சிரிக்கிறது.

இஹ்ஸான்


குறிஞ்சாக்கேணி
14.03.2025

இஹ்ஸானுக்கு,

வாசித்துவிட்டு அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தேன். முன்பு நான் திமிங்கிலத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த முறை பின்னால் இருக்கும் உங்களைப் பார்த்தேன். உங்கள் முகம் யாரோ ஒருவருடைய முகம். கண் திறந்திருக்கிறது, அதற்குள் நீங்கள் இல்லை. என் மனுஷன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவருடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு வேறு யாரோ இருக்கிற மாதிரி. கை தட்டுகிற சத்தம் முடிகிற வரைக்கும் பார்த்தேன்.

உங்களைத் திட்டக் கடதாசி எடுத்தேன். இரண்டு பக்கம் திட்டினேன். அதை அனுப்பவில்லை. திட்டும்போதெல்லாம் நடுவில் ஒரு அரைக் குளிசை வந்து நின்றது. என்னால் அல்லவா பாதியாக்கினீர்கள்? நான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் உங்கள் வாய் நாறுகிறது என்று சொல்லிச் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முரசு பல்லை முழுக்க மூடினாலும் எனக்குக் காரியமில்லை. எனக்கு நீங்கள் வேண்டும், முழிப்போடு, கரையில். அழகான பல்லோடு உங்களைக் கபன் துணியில் பார்க்க நான் கல்யாணம் முடிக்கவில்லை.

பஹ்மி நானாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நடந்தது முழுக்க அதில் இருக்கிறது. முத்திரையும் ஒட்டி, வைத்தியசாலையில் பஞ்சு வைக்கும் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். பெருநாள் வரைக்கும் அது அங்கேயே இருக்கும். அதற்குள் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெருநாளுக்கு மறுநாள் நான் அதைத் தபாலில் போடுவேன். அதோடு நம் கதை முடிந்தாலும் போடுவேன். அழுதுகொண்டுதான் போடுவேன், ஆனால் போடுவேன்.

கமலேஸ்வரி டொக்டரிடம் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அட்டையில் ‘இல்லை’ என்று எழுதியது பிழை என்றேன். அவர் ஏசவில்லை. பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய வெற்று அட்டை ஒன்றை என் கையில் தந்தார். “இந்த முறை நீர் நிரப்பாதையும்” என்றார்.

அதை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன்.

சனூஸா


மூதூர்
04.04.2025

சனூ,

பெருநாள் வாழ்த்து. நீ அனுப்பிய புதுச் சட்டை அளவாக இருந்தது. கோபத்திலும் அளவு பிழைக்காமல் தைக்கக் கொடுத்திருக்கிறாய்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் பஹ்மியைத் தேடித் துறைமுகத்துக்குப் போனேன். படகைக் கரையில் ஏற்றிப் புதிதாக வர்ணம் பூசியிருந்தான், நீலமும் வெள்ளையும். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். “வாடா ஓட்டி, இந்த வருஷமும் அந்தச் சுத்து ஒண்டு சுத்திக் காட்டணும், அத கேட்டே ஆக்கள் போன் எடுக்கிறாங்க” என்றான். அதைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. உன் லாச்சியில் இருக்கும் கடிதம் ஞாபகம் வந்தது.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தான், பகிடி விடுகிறேன் என்று. பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்ப அண்டைக்குச் சுத்தினது நீ இல்லையா?”

“நான் இல்ல.”

“என்ட தங்கச்சிர புள்ளையும் அடுத்த கிழம அதே படகுலதான்டா வந்திச்சு.”

தண்ணீர் வந்து கரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவன் கையை நீட்டினான். இஞ்சின் சாவியைக் கொடுத்தேன். எட்டு வருடம் என் இடுப்பில் இருந்த சாவி. கொடுக்கும்போது கை வலித்தது, உண்மையாகவே வலித்தது. சாவியை வாங்கிக்கொண்டு போனவன் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தான். “நீ கடலப் பாக்காம செத்துருவா. கரையில இரி. யாரு எறங்குறதெண்டாலும் லைஃப் ஜக்கெட்ட நீதான் போட்டு இறுக்கணும்” என்றான். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். அந்த வீடியோவை முகப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டான்.

நரம்புக் கிளினிக்கிலும் காட்டினேன். டொக்டர் பழைய குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார். நானாகக் குறைத்த கதையையும் சொன்னேன், நல்லாக ஏசினார். படகும் வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம், தனியாகக் கடலில் குளிக்கவும் வேண்டாம் என்றார். எப்போது வரைக்கும் என்று கேட்டேன். “அத நான் சொல்லுவன்” என்றார்.

நேற்று முதல் படகு போனது. வேறு ஒருவர் ஓட்டினார். நான் கரையில் நின்று பன்னிரண்டு பேருக்கு ஜக்கெட் வாரை இறுக்கிவிட்டேன். படகு துறைமுக வாயைத் தாண்டிச் சின்னதாகி, வெயிலுக்குள் கரைந்துபோகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. விளாம்பழ வாசனை வரவில்லை, வெறும் டீசல் வாசனைதான். அதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

உன் அட்டையை நிரப்பியிருக்கிறேன். கையெழுத்து கோணல், குறை நினைக்காதே. விலாசம் எழுதும் இடத்தில் மட்டும் பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். மற்றதெல்லாம் எழுதி முடித்துக் கடைசியில்தான் அதை எழுதினேன்.

இஹ்ஸான்

(கடிதத்தோடு வந்த அட்டை)

பெயர்: மு. இஹ்ஸான்
வயது: 31
நோய்கள்: வலிப்பு, பதினேழு வயது முதல். கடைசியாக வந்தது போன ஆவணியில், கடலில்.
எடுக்கும் குளிசைகள்: இரண்டு. பழையது குறைந்துகொண்டு வருகிறது, புதியது கூடிக்கொண்டு வருகிறது. கிளினிக் கொப்பி கொண்டு வருவேன்.
குளிசையைத் தவறவிட்டது உண்டா: ஓம். வேண்டுமென்றே, ஆறு கிழமை பாதி.
போதைப் பழக்கம்: இல்லை. (இது உண்மையான இல்லை.)
சிகிச்சைக்குக் கூட வருபவர்: மனைவி. எப்படியும் அங்கேதான் இருப்பா.
விபரம் தந்தவர்: நானே.
விலாசம்: ~~மூதூர்~~ குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.